சட்டைப்பையில் ஒரு முடிச்சு

நம் பாட்டிமார் காலத்தில், மறக்கக்கூடாத காரியம் ஒன்று மனத்தில் தோன்றிய மாத்திரத்தில், கையிலிருக்கும் வேலையை விடாமலே முந்தானை நுனியை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். அந்த முடிச்சு இடுப்பில் உறுத்தும்போதெல்லாம் ஏதோ ஒன்று பாக்கியிருக்கிறது என்பது நினைவுக்கு வரும். ஆனால் அது இன்னது என்பதை முடிச்சு சொல்லாது. என் பாட்டி ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் தம் முடிச்சைத் தடவித் தடவி யோசித்துவிட்டு, இரவு பாயை விரிக்கும் சமயத்தில், கோவில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்தனுப்ப மறந்துபோனதை உணர்ந்து தலையில் கைவைத்து உட்கார்ந்த காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது. இப்போது, கடல் பல கடந்து, ஆக்லாந்து நகரின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் வாழும் எனக்கு, சட்டைப்பையில் கிடக்கும் விரல் நீளக் கருவி ஒன்று, அந்த முடிச்சுக்கு வாய் முளைத்தாற்போலத் தோன்றுகிறது. அதுதான் சிறிய வாய்ஸ் ரிக்கார்டர். பத்திரிகை நிருபர்கள் பேட்டி எடுக்கும்போது மேஜைமேல் வைக்கிறார்களே, அதே கருவி.

மவுண்ட் ரோஸ்கில் என்பது, ஆக்லாந்தைச் சுற்றிலும் இறைந்து கிடக்கும் ஐம்பதுக்கு மேற்பட்ட பழைய எரிமலைகளுள் ஒன்றான, 110 மீட்டர் உயரமே உள்ள குன்றின் பெயர். அக்குன்றைச் சூழ்ந்த குடியிருப்புகளும் அப்பெயராலேயே வழங்குகின்றன. ஸ்டாடர்ட் ரோட்டுக் கடைத்தெருவில் அரைமணி நேரம் நடந்தால் உலகத்தின் பாஷைகள் பலவும் காதில் விழும். இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் ஞாபகத்தின்மேல் ஏறும் பாரம், ஊரில் இருந்தபோது ஏறியதைவிட விசித்திரமானது. மீள்சுழற்சிக்குரிய கழிவுத் தொட்டியை வாரந்தோறும் வாசலில் வைக்கக்கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் வைக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ உள்ள தமக்கையுடன் பேச நினைத்தால், குளிர்காலத்தில் ஆறரை மணி நேரமும், செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரையில் ஏழரை மணி நேரமும் கழித்துக் கணக்கிட வேண்டும். டாக்டர் ஆங்கிலத்தில் சொன்ன மாத்திரை விவரம், பேரன் கேட்ட நோட்டுப் புத்தகம், அமாவாசைத் தர்ப்பணம் எல்லாம் ஒரே தலைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

மறதி நேர்ந்தால் நம் புத்தியை நாமே நொந்துகொள்வது வழக்கம். ஆனால் அது புத்தியின் குற்றமன்று. மனத்தின் அமைப்பே அப்படி. இதைக் குழந்தைகள்கூட அறிந்த ஒரு கதையால் விளக்கிவிடலாம். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்று ருசி கண்ட மாப்பிள்ளை ஒருவன், அப்பண்டத்தின் பெயர் மறந்துவிடக்கூடாதே என்று "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என ஜபித்துக்கொண்டே ஊருக்குத் திரும்பினான். வழியில் ஒரு வாய்க்கால் குறுக்கிட்டது. "அத்திரிபாச்சா" என்று கூவி அதைத் தாண்டினவன், அக்கணம் முதல் "அத்திரிபாச்சா" என்றே ஜபித்துக்கொண்டு வீடு வந்து, அத்திரிபாச்சா செய்து தரும்படி மனைவியைப் படாதபாடு படுத்தினான். இங்கிலாந்தைச் சேர்ந்த மனோதத்துவ அறிஞர்களாகிய ஆலன் பாட்லி, கிரஹாம் ஹிட்ச் இருவரும் 1974-இல் வெளியிட்ட கொள்கையிலிருந்து வளர்ந்த விளக்கம், இக்கதைக்கு எழுதிய உரை போலவே அமைந்திருக்கிறது: காதில் விழுந்த சொல் மனத்தின் ஒலிப்பகுதியில் ஓரிரு விநாடிகளே தங்கும்; உள்ளுக்குள் திரும்பத் திரும்ப உச்சரித்தால் நீடிக்கும்; இடையில் வேறொரு சொல்லை உச்சரித்தால் பழையது அழிந்துபோகும். இதற்கும் முன்பே, ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் எப்பிங்ஹௌஸ், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே பரீட்சித்துப் பார்த்து, மனப்பாடம் செய்ததில் பாதிக்குமேல் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே கரைந்துவிடுகிறது என்பதை 1885-இல் எடுத்துக்காட்டினார்.

அப்படியானால், ஒரே சமயத்தில் பல விஷயங்களைக் கவனித்து ஒப்பிக்கும் அவதானிகள் எப்படி நினைவு வைத்தார்கள் என்று வாசகர் கேட்கலாம். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10-ஆம் தேதி சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களில் ஏககாலத்தில் கருத்தைச் செலுத்திச் சதாவதானி என்னும் கீர்த்தி பெற்றார். பாட்டுக்கு ஈற்றடியும், கணக்குக்கு விடையும் சொல்லிக்கொண்டே, இடையிடையே அடிக்கப்படும் மணியின் எண்ணிக்கையையும் தவறாமல் ஒப்பிப்பது அவதானக் கலையின் மரபு. அது ஆண்டுக்கணக்கான சாதகத்தின் பலன். பாலும் மாத்திரையும் வாங்கப் போகிற நமக்கு அந்த யோகம் வேண்டியதில்லை. ஒரு பொத்தான் போதும்.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. எடிசன் 1877-இல் போனோகிராப் யந்திரத்தைக் கண்டுபிடித்தார்; மறு வருஷமே, அதனால் விளையக்கூடிய பிரயோஜனங்களை வரிசைப்படுத்தி எழுதிய கட்டுரையில், அவர் முதலிடம் கொடுத்தது சங்கீதத்துக்கு அன்று; கடிதங்களை வாயால் சொல்லிப் பதிவு செய்வதற்குத்தான். டென்மார்க்கின் வால்டமார் பௌல்சன் 1898-இல் எஃகுக் கம்பியில் காந்த சக்தியால் குரலைப் பிடித்தார். பிலிப்ஸ் கம்பெனியின் காஸெட் 1963-இலும், ஒலிம்பஸ் கம்பெனியின் மைக்ரோகாஸெட் 1969-இலும் வந்தபிறகு யந்திரம் சட்டைப்பைக்குள் புகுந்தது. ஆயினும் நாடா சிக்குவதும் அறுவதும், வேண்டிய இடத்தைத் தேடி முன்னும் பின்னும் சுற்றுவதுமாகிய தொல்லைகள் நீங்கவில்லை. அவை நீங்கியது, நாடாவுக்குப் பதிலாக நினைவுச் சில்லு ஒன்று அமைந்த பிறகுதான். அத்தகைய கருவிகள் 1990-களில் கடைக்கு வரத் தொடங்கின.

புதிய கருவியில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. மைக்கில் படும் குரலின் அதிர்வு மின்சார அலையாக மாறுகிறது. அந்த அலையின் உயரத்தைக் கருவி விநாடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து எண்களாக்குகிறது. அவ்வெண்கள் சில்லின் நுண்ணறைகளுக்குள் மின்னூட்டமாகச் சிறைப்படுகின்றன. மின்சாரம் நின்றாலும் சிறை திறவாது. ஆகையால் பாட்டரியைக் கழற்றினாலும் சொன்ன சொல் அழியாது. 4 கிகாபைட் கொள்ளளவுள்ள சாதாரணக் கருவி, எம்பி3 முறையில் நல்ல தரத்துடன் பதிந்தால், சுமார் 60 மணி நேரப் பேச்சைத் தாங்கும். ஒரு குறிப்புக்குப் பத்து விநாடி என்று வைத்து, நாளொன்றுக்குப் பத்துக் குறிப்பு சொன்னால், ஒன்றைக்கூட அழிக்காமல் ஏறத்தாழ ஆறு வருஷம் சொல்லலாம்.

உபயோகிக்கும் முறையில் தமிழருக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. அதை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன். நம் பாஷையில் வாக்கியத்தின் உயிர் வினைமுற்றில் இருக்கிறது. வினைமுற்றோ கடைசியில்தான் வரும். ஒருநாள் அவசரமாக, "வியாழக்கிழமை தச்சரை வரச்சொல்ல வேண்டாம்" என்று சொல்லி, கடைசிச் சொல் வாயைவிட்டு முழுதும் வெளிவருமுன் பொத்தானை அழுத்திவிட்டேன். இரவில் கேட்டபோது, "தச்சரை வரச்சொல்ல வேண்" என்பதோடு குரல் நின்றது. வேண்டுமா, வேண்டாமா? யோசித்துப் பார்த்து, வரச் சொன்னேன், அவரும் வந்தார், வீட்டில் யாரும் இல்லாமையால் திரும்பிப் போனார். குரல் கேட்டதும் தானே இயங்கும் வசதி சில கருவிகளில் இருக்கிறது. அதைப் போட்டு வைத்தாலோ, கருவி விழித்துக்கொள்வதற்குள் முதற்சொல் தப்பிவிடும். இவ்வாறு யந்திரம் தலையையும் நம் அவசரம் வாலையும் வெட்டிவிட்டால் நடுவில் மிஞ்சும் முண்டத்தால் என்ன பயன்? ஆதலின், பொத்தானை அழுத்தி, சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து, ஒரு மூச்சு விட்டு, எந்த நாள், எந்த இடம், யாருக்கு, என்ன காரியம் என்ற வரிசையில் சொல்லி, வினைமுற்றுக்குப் பிறகும் ஒரு மூச்சுப் பொறுத்து நிறுத்துவதே உத்தமம்.

குன்றின்மேல் காலையில் உலாவும்போது எனக்கு யோசனைகள் நிறைய வரும். கூடவே காற்றும் வரும். காற்றுக்கு முதுகைக் காட்டி, கருவியை வாய்க்கு நேரே பிடியாமல் கன்னத்தருகே நான்கு விரற்கடை தூரத்தில் பிடித்துக்கொண்டால் இரைச்சல் குறைகிறது. பையில் போடுமுன் பூட்டுப் பொத்தானைத் தள்ளிவிட வேண்டும்; இல்லையேல் சாவிக்கொத்து தன் கதையை ஒரு மணி நேரம் பதிவு செய்துவிடும். மேற்சொன்ன செப்டம்பர், ஏப்ரல் மாதங்களில் வீட்டுக் கடிகாரத்தை மாற்றும்போது கருவியின் கடிகாரத்தையும் கையால் திருத்திவிடுவது நல்லது. முதன்முதல் கேட்கும்போது, "இது என் குரலா?" என்ற திகைப்பு எல்லோருக்கும் உண்டாகும். பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமன்றி மண்டையெலும்பின் வழியாகவும் நம் செவிக்கு எட்டுவதால் கனத்து ஒலிக்கிறது. கருவியோ, பிறர் கேட்கும் குரலை மட்டுமே திருப்பித் தருகிறது.

கைபேசியிலேயே இவ்வசதி இருக்கும்போது தனிக்கருவி எதற்கு என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் கைபேசியைத் திறந்து குறிப்புச் சொல்லும் இடத்தைத் தேடிப் போகும் வழியில், யாரோ அனுப்பிய கல்யாணப் படமும், எங்கோ நிகழ்ந்த வெள்ளச் செய்தியும் எதிர்ப்படுகின்றன. அவை ஒவ்வொன்றும் ஓர் அத்திரிபாச்சா வாய்க்கால். ரிக்கார்டருக்கு ஒரே வேலைதான் தெரியும். இருட்டில் கட்டைவிரலே அதை நடத்திவிடும். ஆங்கில எழுத்துப் பலகையில் தமிழ் அடிக்கப் பழகாத முதியவர்களுக்கு அது இன்னும் பெரிய சகாயம். அவரவர் ஊர்ப் பேச்சிலேயே, திருநெல்வேலித் தமிழிலோ யாழ்ப்பாணத் தமிழிலோ, பிழை திருத்துவார் இன்றிப் பேசிவிடலாம். டாக்டர் சொல்வதைப் பதிவு செய்து வந்து, சாவகாசமாக வீட்டில் பிள்ளைகளிடம் அர்த்தம் கேட்டுக்கொள்பவர்களும் உண்டு. அப்போது டாக்டரிடம் முன்னதாகவே அனுமதி கேட்பது மரியாதை. நாம் பங்குகொள்ளாத பிறர் அந்தரங்கப் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்வதோ, மரியாதைக் குறைவு மட்டுமன்று. நியூஸிலாந்தின் 1961-ஆம் வருஷத்துக் குற்றவியல் சட்டப்படி குற்றமே ஆகும்.

இவ்வளவு குணங்கள் இருந்தும், இக்கருவியை வாங்கியவர்களில் பலர் சில மாதங்களில் அதை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். காரணம் எளிது: முடிச்சு உறுத்தும், பேசாது; ரிக்கார்டர் பேசும், உறுத்தாது. மூளையில் அடிபட்டும் நோயுற்றும் ஞாபகம் குன்றிய 143 பேருக்குப் பேஜர் கொடுத்து, குறித்த நேரத்தில் குறித்த வேலையை நினைவூட்டும்படி செய்த ஒரு பரிசோதனையின் முடிவை, இங்கிலாந்தின் பார்பரா வில்சன் குழுவினர் 2001-இல் வெளியிட்டனர். பரிசோதனையை முழுவதும் முடித்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர், பேஜர் இருந்த வாரங்களில் தம் காரியங்களை முன்னிலும் மிகச் செம்மையாகச் செய்தார்கள். பேஜர் வெற்றி பெற்றது, அது தானாகவே ஆளைத் தேடி வந்து அழைத்ததால் அன்றோ? ரிக்கார்டரோ நாம் தேடிச் செல்லும் வரையில் மௌனமாகவே கிடக்கும். சில மாடல்களில் குறித்த நேரத்தில் ஒலிக்கும் அலாரம் உண்டு. அது இல்லாதவர்கள், காலைக் காப்பிக்கு முன் ஒரு முறையும், மாலை விளக்கேற்றிய பின் ஒரு முறையும் கேட்பதென்று நியமம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த நாட்டுத் தமிழர்கள் பெருமையோடு பேசும் பழம்பொருள் ஒன்று இவ்விடத்தில் என் நினைவுக்கு வருகிறது. 1836-ஆம் ஆண்டளவில், வில்லியம் கொலென்ஸோ என்னும் மிஷனரி, வாங்கரே பக்கத்து மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த வெண்கலப் பாத்திரம் ஒன்றைக் கண்டு, ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். அது பாத்திரமன்று, கப்பல் மணியின் மேற்பாகம். முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்னும் பொருள்பட, பழந்தமிழ் எழுத்துகள் அதன் விளிம்பைச் சுற்றி நிற்கின்றன. இப்போது அது வெலிங்டன் நகரத்து டே பாப்பா காட்சிசாலையில் இருக்கிறது. சொந்தக்காரர் பெயர் அழியாமல் இருந்தும், அதன் ஓசைக்கு எழுந்து ஓடிவர வேண்டிய மாலுமிகள் இல்லாத கரையில், மணிக்குக் கிடைத்த உத்தியோகம் கிழங்கு வேகவைப்பதுதான். கேட்கப்படாத குறிப்புகளைச் சுமந்து இழுப்பறையில் கிடக்கும் ரிக்கார்டரின் கதியும் அதுவே.

ஆகையால் நான் ஒரு யுக்தி செய்திருக்கிறேன். என் கருவியின் நுனியில் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வதற்கான மெல்லிய கயிறு ஒன்று தொங்குகிறது. கருவியில் ஒரு குறிப்பைச் சொன்னதும் அக்கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுகிறேன்; பையில் கைவிடும்போதெல்லாம் அது விரலில் தட்டுகிறது. காரியம் முடிந்து, குறிப்பையும் அழித்த பிறகே முடிச்சை அவிழ்க்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த மாலையில் கயிற்றில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன, ஒன்று தச்சருக்கு.