பென்சிலால் துறந்த பேரரசு

1917ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், நள்ளிரவு நெருங்கும் வேளையில், ப்ஸ்கோவ் ரயில் நிலையத்தில் நின்றிருந்த வண்டியொன்றில், வெளிர்பச்சைப் பட்டு ஒட்டிய சுவர்களையுடைய சிறிய கூடத்தில், சாம்பல் நிற அங்கி தரித்த ஒரு மனிதர், தட்டச்சிட்ட தாளின் அடியில் பென்சிலால் தம் பெயரை எழுதினார். பூமியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை ஆண்ட ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கலாஸ் முடி துறந்த பத்திரம் அது.

பசியும் ஜனக் கூட்டமுமே ஜாரை வீழ்த்தின என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மார்ச் 8ஆம் நாள், பெண்கள் தினத்தன்று, கடுங்குளிரில் ரொட்டிக்காக வரிசையில் நின்று நின்று வெறுத்துப்போன தலைநகர் பெட்ரோகிராடின் நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வீதியில் இறங்கினார்கள். இரண்டே நாளில் நகரமெங்கும் ஆலைகள் ஓய்ந்தன. நாளைக்குள் கலவரத்தை அடக்கு என்று போர்முனைத் தலைமையகமான மொகிலேவிலிருந்து ஜார் தந்தி கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சிப்பாய்கள் சுட்டார்கள், ஜனங்கள் மாண்டார்கள். ஆனால், சுட்டவர்களில் ஒரு பகுதியினரான வொலின்ஸ்கி ரெஜிமெண்டு வீரர்களே மறுநாள் காலை, இனிச் சுடமாட்டோம் என்று துப்பாக்கியோடு ஜனங்களின் பக்கம் சேர்ந்தார்கள்.

எனினும், இந்த வீழ்ச்சியின் வித்து 1915இலேயே ஊன்றப்பட்டுவிட்டது. முதல் உலக யுத்தத்தில் தோல்விமேல் தோல்வி நேர்ந்த அவ்வாண்டில், தமக்குச் சிற்றப்பா முறையான நிக்கலாய் நிக்கலாயெவிச்சைச் சேனாதிபதி ஸ்தானத்திலிருந்து விலக்கி, அப்பதவியை ஜார் தாமே ஏற்றார். வேண்டாம் என்று மந்திரிகளில் பலர் கையொப்பமிட்டுக் கடிதம் எழுதினார்கள், அவர் கேட்கவில்லை. அன்றுமுதல் ஒவ்வொரு தோல்வியும் அரசரின் தோல்வியாயிற்று. தலைநகரில் அதிகாரம் ராணி அலெக்ஸாண்ட்ராவின் கைக்கும், அவர் தெய்வமாக நம்பிய ரஸ்புடீன் என்னும் சாமியாரின் சொல்லுக்கும் போயிற்று. ஓராண்டுக் காலத்தில் நால்வர் பிரதம மந்திரிகளாக இருந்தார்கள். இடித்துரைப்பவர் ஒவ்வொருவராக விலக்கப்பட, இதமாகப் பேசுகிறவர்களே எஞ்சினார்கள்.

தலைநகர் கையை விட்டுப் போனபின், தட்டம்மையில் கிடந்த குழந்தைகளையும் மனைவியையும் காணும் ஆவலோடு ஜார் ரயிலேறினார். வழியில் பாதை கலகக்காரர் வசமாகிவிட்டது என்ற செய்தி வர, வண்டி திரும்பிற்று. ‘அடியாழம்’ என்று பொருள்படும் த்னோ என்னும் நிலையத்தைக் கடந்து ப்ஸ்கோவ் வந்து நின்றது. அங்கே அவர் முன் வைக்கப்பட்டவை போர்முனைச் சேனாதிபதிகளின் தந்திகள். 1916இல் வெற்றி தேடித் தந்த புருசீலோவ் முடி துறக்க வேண்டினார், எவர்ட் வேண்டினார், பதவியிழந்த அந்தச் சிற்றப்பாவும் மண்டியிட்டு வேண்டுவதாக எழுதினார். ஜார் அதிகம் வாதாடவில்லை, இசைந்தார்.

அதன் பிறகு பேசியது அரசரல்லர், தகப்பனார். பன்னிரண்டு வயது அலெக்ஸேய்க்கு முடியைத் தர முதலில் சம்மதித்தவர், இரத்தம் உறையாத அவன் நோய் தீருமா என்று வைத்தியரைக் கேட்டார். தீராது என்ற விடை வந்ததும், மகனைப் பிரிய மனமின்றி, தம்பி மிக்கேலுக்கு எழுதி வைத்தார். டூமா என்னும் ஜனப் பிரதிநிதி சபையிலிருந்து குச்கோவும் ஷுல்கினும் வந்து சேர்ந்தது இரவிலே. எனினும், அவர்களுடைய நிர்ப்பந்தத்தால் எழுதியதாகாமலிருக்க, பத்திரத்தில் பிற்பகல் 3 மணி 5 நிமிஷம் என்றே குறிக்கப்பட்டது. மறுநாள், ஜனங்களின் அரசியல் நிர்ணய சபை அளித்தாலன்றி ஏற்பதற்கில்லை என்று மிக்கேல் மறுத்துவிட, 1613இல் தொடங்கிய ரோமனோவ் வமிசத்தின் ஆட்சி 304ஆம் ஆண்டில் முடிந்தது.

அப்போது புதுச்சேரியில் அஞ்ஞாதவாசம் போல் வாழ்ந்த பாரதியார் ஜாரின் வீழ்ச்சியை யுகத்தின் எழுச்சியாகப் பாடினார். அந்தக் களிப்பு நியாயமானது. பெட்ரோகிராட் வீதிகளில் செத்தவர்களுக்காக நானும் அதில் பங்கு கொள்கிறேன். ஆயினும், 1918 ஜூலையில் எக்காத்தரீன்பர்க்கின் நிலவறையில், பெற்றோரோடு அந்தச் சிறுவனும் நான்கு தமக்கைமாரும் கொல்லப்பட்டதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. 1915இல் மந்திரிகள் எழுதிய கடிதமும் 1917இல் சேனாதிபதிகள் அனுப்பிய தந்திகளும் அரசரின் செவிக்கு உண்மையைக் கொண்டுவந்தவைதாம். முன்னது அவரைக் காப்பாற்ற வந்தது, பின்னது அவரைக் கைவிட்டுத் தேசத்தைக் காப்பாற்ற வந்தது. இரண்டுக்கும் இடையே கழிந்த ஏறத்தாழப் பதினெட்டு மாதங்களுக்குள் ஒரு பேரரசின் ஆயுள் அடங்கிவிட்டது.