பஞ்சாங்கம்: நாள் பார்க்கும் கணக்கு

மயிலம் முருகன் கோயிலின் பங்குனி உத்திரத்துக்கு நிலையான ஆங்கிலத் தேதி கிடையாது. பங்குனியில் உத்திர நட்சத்திரம் கூடும் நாளைப் பஞ்சாங்கமே சொல்லும். அதற்கு வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என ஐந்து உறுப்புகள். ராகு காலம் பார்ப்பதெல்லாம் பிறகு. அடிப்படை, சூரிய சந்திரரின் ஓட்டக் கணக்கு.

அந்தக் கணக்கை அருகிலுள்ள புதுச்சேரியில் நேரில் கண்டு பதிவுசெய்தவர் வானியலாளர் ஜான் வாரன். பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தாளில் எதையும் எழுதாமல், மனப்பாட வாக்கியங்களைக் கொண்டு, தரையில் சோழிகளை அடுக்கியே 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை சுமார் 4 நிமிடம்தான். முடிவு நேரமோ முக்கால் மணிக்கும் மேல் பிசகியது.

இத்தகைய வாக்கியங்களின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமும், திருத்திய கணக்கின்படி கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் இன்றும் அச்சாகின்றன. இரண்டிலும் திதி முடியும் நேரம் ஒன்றாக இருப்பதில்லை.