லேசருக்குப் போகுமுன் கையைத் திருப்பிப் பாருங்கள்

மேலுதட்டிலும் நாடியிலும் முளைக்கும் முடியைப் பற்றி நம் பெண்கள் வெளியில் கதைப்பதில்லை. நூலால் எடுப்பார்கள், வக்ஸ் போடுவார்கள். கல்யாணம் பேசி முடிந்துவிட்டால் கொழும்புக்கு பஸ் ஏறி லேசர் செய்யப் போவார்கள். கல்பிட்டிப் பக்கத்தில் உள்ள எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தியும் அப்படித்தான் போனாள். கருவாட்டு வாடியில் உம்மாவுக்குத் துணையாக நிற்பவள். திரும்பி வந்தபோது இரண்டு கன்னங்களிலும் வரிசை வரிசையாகச் சுட்ட புள்ளிகள். நாலைந்து நாளில் அவை கறுத்துப் போயின. கல்யாணத்துக்கு இரண்டு மாதம்கூட இருக்கவில்லை.

"உன்ட தோல் எந்த வகை என்று பார்த்தாங்களா?" என்று கேட்டேன். "ஒரு தாளில் கேள்வி இருந்திச்சு ராத்தா. வெயிலில் சிவக்குமா என்று கேட்டாங்க. ஓம் என்றேன். கையைப் பார்த்திட்டு, நீங்க வெள்ளைதானே என்றாங்க" என்றாள்.

பிழை அங்கேதான் நடந்தது. நம் வீடுகளில் கொஞ்சம் நிறம் கூடிய பிள்ளையை 'வெள்ளை' என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். லேசர் இயந்திரத்துக்கு அந்தப் பெருமை விளங்காது.

தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் அளவுகோலை ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தோல் நோய் நிபுணர் தோமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் உருவாக்கினார். சொரியாசிஸ் நோயாளிகளுக்குப் புறஊதாக் கதிர் சிகிச்சை கொடுக்கும்போது அளவைத் தீர்மானிக்கவே அது தேவைப்பட்டது. வெள்ளையரை மனதில் வைத்துத் தொடங்கிய அந்த அட்டவணையில் பழுப்பு, கறுப்புத் தோல்கள் பின்னர்தான் 5ஆம், 6ஆம் வகைகளாகச் சேர்ந்தன. அதன் கேள்வியும் குளிர் நாட்டுக் கேள்வி: குளிர்காலம் முடிந்து கோடையின் முதல் வெயிலில் நின்றால் தோல் வெந்து சிவக்குமா, அல்லது கறுக்குமா? புத்தளம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகையில் கிடக்கிறது. நமக்கு ஏது கோடையின் முதல் வெயில்? வருடம் முழுவதும் வெயில்தான்.

ஆகவே கேள்வியைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். சூட்டில் முகம் சிவந்து, நிழலுக்கு வந்ததும் மாறிவிடுவது 'எரிதல்' அல்ல. மறுநாளும் தொட்டால் நோகும்படி வெந்திருந்தால்தான் அது எரிதல். நம் தோலில் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. காந்தலும் கறுப்புமாகத்தான் வரும். இலங்கையரில் பெரும்பாலோர் 4ஆம் அல்லது 5ஆம் வகைக்குள் அடங்குவர், சிலர் 6. வீட்டில் 'வெள்ளை' என்று பெயரெடுத்த எங்கள் பிள்ளையும் உண்மையில் 4தான். அவளை 3 என்று எழுதிவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. வகை வேறு, இன்றைய நிறம் வேறு. மேற்கையின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் பிறவி நிறம் அங்கே இருக்கிறது. பிறகு முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கத்தைப் பாருங்கள். முக்காடு போடுபவர்கள் முக்காட்டின் ஓரம் முகத்தில் எங்கே முடிகிறது என்று கண்ணாடியில் பார்த்தால், கன்னம் ஒரு நிறமும் நாடிக்குக் கீழே இன்னொரு நிறமுமாக இருப்பது தெரியும். கடற்கரைக்காரருக்கு இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. காய்ந்த கடல் மணல் சுமார் 15 வீதமும் அலை நுரை சுமார் 25 வீதமும் புறஊதாக் கதிரைத் திருப்பி அனுப்புவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குடை பிடித்தாலும் கீழிருந்து முகத்தில் அடிக்கும். லேசரின் அளவைத் தீர்மானிக்கும்போது பிறவி நிறத்தையும் பார்க்க வேண்டும், ஒளி விழப்போகும் இடத்தில் இன்று இருக்கும் நிறத்தையும் பார்க்க வேண்டும். அவளுக்குச் சட்டைக் கைக்குள் மறைந்திருந்த தோலைப் பார்த்துவிட்டு, கருவாடு காயவைத்துக் கறுத்த கன்னத்தில் லேசரை வைத்துவிட்டார்கள்.

ஏன் சுடுகிறது? முடியின் கறுப்புக்குக் காரணமான மெலனின் லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு மயிர்க்காலைக் கெடுக்கிறது. அதே மெலனின் தோலிலும் இருக்கிறது. தோல் கறுக்கக் கறுக்க, முடிக்குப் போக வேண்டிய சூட்டைத் தோலே வாங்கிக்கொள்கிறது. (நரைமுடியில் மெலனின் இல்லாததால் லேசர் வேலை செய்யாது. பணத்தை வீணாக்காதீர்கள்.) ஒளியின் அலைநீளம் கூடினால் மேல்தோலின் மெலனின் குறைவாகவே உறிஞ்சும், ஒளியும் ஆழமாக இறங்கும். 755 நனோமீற்றர் அலெக்சாண்ட்ரைட் லேசர் வெளிர் தோலுக்கு உகந்தது. 810 அளவிலான டயோட் லேசரை நம் தோலில் அனுபவமுள்ளவர் கவனமாகப் பாவிக்கலாம். 5ஆம், 6ஆம் வகைக்குப் பெரும்பாலும் பாதுகாப்பானது 1064 நனோமீற்றர் என்.டி. யாக் லேசர். ஐ.பி.எல். என்பது லேசரே அல்ல, கருந்தோலைச் சுடக்கூடியது. சில இடங்களில் அதையும் லேசர் என்றே சொல்லி விற்கிறார்கள். "உங்களிடம் இருப்பது எந்த லேசர்?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

முதலில் காதருகே சிறிய இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 48 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். நம் தோலில் கறுப்பு மெதுவாகத்தான் எழும் என்பதால் ஒரு வாரம் பொறுத்தால் நல்லது. செய்வதற்கு முன் நான்கு வாரமாவது வெயிலைத் தவிர்க்க வேண்டும். வாடியில் நிற்பவருக்கு இது லேசான காரியமல்ல, வேலைக்கு ஆள் மாற்றிக்கொண்டுதான் நாளைக் குறிக்க வேண்டும். அந்த நாட்களில் நூலும் வக்ஸும் கூடாது. வேரோடு பிடுங்கினால் லேசருக்கு இலக்கு இருக்காது. சவரம் செய்யலாம். பிளேட் வைத்தால் தாடி முளைக்கும் என்று உம்மாமார் பயப்படுவார்கள். அது வெறும் பயம்தான். பருவுக்கு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாதவிடாய் ஒழுங்கில்லாமல், பருவும் நாடி முடியும் சேர்ந்து வந்தால் சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம். அதைக் கவனிக்காமல் லேசருக்கு மட்டும் ஆறு எட்டுத் தடவை போனாலும் முடி திரும்ப முளைக்கும். அத்தகைய பெண்களில் சிலருக்கு, குறிப்பாகக் கருந்தோல் உள்ளவர்களுக்கு, லேசர் பட்ட கன்னத்திலும் கழுத்திலும் புதிதாக முடி கூடியதும் உண்டு. அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் இதைக் காட்டக் காசு தேவையில்லை.

எங்கள் பிள்ளையை அங்கேதான் அழைத்துப் போனோம். தோல் நோய் வைத்திய நிபுணர் புள்ளிகளுக்குக் களிம்பு கொடுத்தார். மாதவிடாய் பற்றி விசாரித்து, ஹோர்மோன் பரிசோதனைக்கும் எழுதினார். கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது, பவுடருக்கு மேலும் புள்ளி தெரியத்தான் செய்தது. ஏழெட்டு மாதத்தில் அவை மங்கின. போன பெருநாளைக்கு வந்திருந்தவள் தன் மச்சிக்காரிக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டு, "இதையும் பாரு, இதையும் பாரு" என்று மேற்கையையும் முன்கையையும் காட்டிக்கொண்டிருந்தாள்.