தக்காளியும் மிளகாயும் ஒரே நிறமா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முறத்தில் நாலைந்து தக்காளியும் ஒரு கைப்பிடி பச்சை மிளகாயும் கிடந்தன. கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்தேன். தக்காளி எது, மிளகாய் எது என்று வடிவத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. இரண்டும் ஒரே சாம்பல்!

பளிச்சென்ற சிவப்பும் பச்சையும் எங்கே போயின?

கேமராவுக்குள் சென்சார் என்று ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அதில் கோடிக்கணக்கில் நுண்ணிய குழிகள். மழை பெய்யும்போது முற்றத்தில் வரிசையாகக் கிண்ணம் வைத்தால், எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு தண்ணீர் என்று அளக்கலாம் அல்லவா? அப்படித்தான் ஒவ்வொரு குழியும் தன்மேல் விழுந்த ஒளி எவ்வளவு என்று மட்டும் சொல்லும். அது என்ன நிறத்து ஒளி என்று அதற்குத் தெரியவே தெரியாது.

1975இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் உருவாக்கிய டிஜிட்டல் கேமரா, கறுப்பு வெள்ளைப் படம்தான் எடுத்தது. மொத்தமே 10,000 புள்ளிகள். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்ததாம்!

நிறத்தையும் பதிவு செய்ய அதே நிறுவனத்தின் பிரைஸ் பேயர் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு குழிக்கு மேலும் ஒரு வண்ண வடிகட்டி. நான்கு குழியில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். நம் கண்ணுக்குப் பச்சை ஒளிதான் அதிகம் உறைக்கும். அதனால்தான் அதற்கு இரண்டு பங்கு. மீதி நிறங்களை அக்கம்பக்கத்துக் குழிகளைப் பார்த்து கேமரா கணக்குப் போட்டுக்கொள்ளும். 1976இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

ஆக, உங்கள் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கறுப்பு வெள்ளையாக்க மூன்றையும் ஒரே எண்ணாக்க வேண்டும். வழக்கமான கணக்கு இது: சிவப்பில் நூற்றுக்கு 30 பங்கு, பச்சையில் 59, நீலத்தில் 11.

தக்காளியின் எண்கள் 200, 50, 40 என்றும், மிளகாயின் எண்கள் 70, 120, 30 என்றும் வைத்துக்கொள்வோம். பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். தக்காளிக்கு ஏறக்குறைய 94, மிளகாய்க்கு 95. முறத்தில் நடந்த மாயம் இதுதான்!

சரி, சிவப்பு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால்? தக்காளி 200, மிளகாய் 70. ஒன்று வெளுக்கும், இன்னொன்று கறுக்கும். எந்த நிறத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைப் படம் எடுப்பவரே முடிவு செய்யலாம். படத்தைத் திருத்தும் பல செயலிகளில் இதற்கு வசதி உண்டு.

செயலி இல்லாமலும் செய்யலாம். சிவப்புக் கண்ணாடித்தாள் ஒரு துண்டு போதும். கைப்பேசியைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, தாளை லென்ஸ்மேல் சுருக்கமில்லாமல் பிடித்து, முறத்தை மறுபடி படம் எடுங்கள். பிறகு வெண்மேகம் மிதக்கும் நீல வானத்தையும் எடுங்கள், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று. நீல ஒளியைத் தாள் தடுத்துவிடுவதால் வானம் இருண்டுபோகும். மேகம் மட்டும் பஞ்சுப்பொதிபோல் எழுந்து நிற்கும்.