ஒரு சொட்டில் உள்ளே போவது எவ்வளவு?

நுண்ணுலகில் மருந்து – 11

கிளாக்கோமாவில் கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறுகிறது, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். போன பார்வை திரும்பாது, மிஞ்சியதைக் காக்கலாம். அதற்கு மருந்தும் இருக்கிறது. அமெரிக்காவில் டிமோலால் 1978-லும் லட்டானோப்ராஸ்ட் 1996-லும் அனுமதி பெற்றன. இரண்டும் அழுத்தத்தை நன்றாகவே இறக்குகின்றன. பிறகு ஏன் ஆய்வுக்கூடங்கள் இந்தப் பழைய மருந்துகளோடு இன்னும் மல்லுக்கட்டுகின்றன? கண்ணுக்குள் அவற்றைக் கொண்டுசேர்ப்பதுதான் பெரும்பாடு.

ஒரு சொட்டு என்பது 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணின் மேல் பரவியிருக்கும் கண்ணீரோ 7 மைக்ரோலிட்டர் அளவுதான். ஆழாக்கில் ஒரு படி நெல்லைக் கொட்டுவது போலத்தான் இது. கன்னத்தில் வழிந்தது போக எஞ்சியதை, இமைகள் மூக்கோரத் துளை வழியே தொண்டைக்குத் தள்ளிவிடுகின்றன. சொட்டு போட்டதும் சிலருக்கு நாக்கு கசப்பது இதனால்தான். மூக்குச் சவ்வு வழியாக ரத்தத்தில் கலக்கும் டிமோலால் இதயத் துடிப்பைக் குறைக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலையும் வரவழைக்கலாம்.

கண்ணில் தங்கிய மருந்துக்கும் வழி எளிதல்ல. கருவிழியின் மேலடுக்கு கொழுப்பில் கரைவதை மட்டுமே எளிதில் விடும். அதற்கடுத்த அடுக்கு நீரில் கரைவதைக் கேட்கும். இரண்டையும் தாண்டி உள்ளே போவது, போட்டதில் 100-க்கு 5 பங்குகூட இல்லை.

இங்கேதான் நானோ ஊர்திகள் வருகின்றன. பத்து முதல் சில நூறு நானோமீட்டர் அளவுள்ள துகள்களில் மருந்தை ஏற்றி அனுப்புவதே இதன் உத்தி. லிப்போசோம் என்பது செல்லின் சவ்வில் உள்ள அதே வகைக் கொழுப்பால் ஆன நுண்குமிழி. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானுக்கு நேர்மின்னூட்டம் உண்டு. கண்ணின் மேற்பரப்பிலோ எதிர்மின்னூட்டம். அதனால் துகள் ஒட்டிக்கொண்டு, மருந்தை மெதுவாக விடுகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. லட்டானோப்ராஸ்ட் தண்ணீரில் கரையாது. வழக்கமான சொட்டில் அதைக் கரைத்து வைக்கவும் உதவுவது, பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்பொருள். ஆண்டுக்கணக்கில் போட்டால் அது கண்ணின் மேற்பரப்பைப் புண்ணாக்கி, எரிச்சலையும் வறட்சியையும் தருகிறது. மைசெல் என்னும் நுண்கூட்டுக்குள் மருந்தை அடைத்தால் இந்தப் பதப்பொருள் தேவையில்லை. சன் பார்மாவின் செல்ப்ராஸ் இந்த வழியில்தான் 2018-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. நேர்மின்னூட்டம் கொண்ட எண்ணெய் நுண்துளிகளில் அதே மருந்தை ஏற்றிய சான்டென் நிறுவனத்தின் சொட்டு 2023-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

ஆனால் இவற்றையும் தினம் ஒருமுறை போட்டாக வேண்டும். வாரத்துக்கு ஒரு சொட்டு என்பது இன்னும் கைகூடவில்லை. ஒரு காரணம் முயல். சோதனைகள் பெரும்பாலும் முயல் கண்ணில்தான் நடக்கின்றன. முயலோ சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் இமைக்கும். நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை இமைக்கும் மனிதக் கண்ணில் அதே துகள் அவ்வளவு நேரம் தங்குவதில்லை. அடுத்தது கிருமிநீக்கம். கண் மருந்தில் ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது. சூடாக்கினால் லிப்போசோம் சிதைந்துவிடும். வடிகட்டலாம் என்றால், வடிகட்டியின் துளையே 200 நானோமீட்டர்தான். பெரிய துகள்கள் அதிலேயே நின்றுவிடும். புட்டியில் மாதக்கணக்கில் இருக்கும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலும், மருந்து கசியாமலும் இருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு விலை கட்டுப்படியாக வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தும் கடைக்கு வந்தவை ஒரு கைவிரலுக்குள் அடங்குவது இதனால்தான்.

அதுவரை கையில் இருக்கும் சொட்டை வீணாக்காமல் போடுவோம். ஒரு சொட்டு போதும். போட்டதும் கண்ணை மூடி, மூக்கோர முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து தொண்டைக்கு ஓடுவது குறையும். இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலி இல்லையே என்று சொட்டை நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு கிளாக்கோமா இருந்தால், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கண் அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

(தொடரும்)