தலையில் அடிபட்ட பின்



ஜொகூரில் நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவர், செம்பனைக் குலை வெட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது செம்மண் சாலையில் சறுக்கி விழுந்தார். தலையில் அடி. காயம் ஆறியது, நடந்தார், சிரித்தார். ஆனால் பழைய ஆளாக இல்லை. கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்பார். பெற்ற தாயிடமே எரிந்து விழுவார். சோம்பேறி என்றார் மண்டோர். காத்துக் கருப்பு என்றார்கள் பக்கத்து வீட்டார். நாமும் முதலில் குடியைத்தான் சந்தேகித்தோம்.

குற்றம் அவர் மேல் இல்லை. திட்டமிடவும் கோபத்தை அடக்கவும் உதவுவது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி. கீழே விழும் வேகத்தில் மூளை மண்டையோட்டின் உட்புறம் மோதினால் அந்த இடம் எளிதில் பாதிக்கப்படும். சில வேளைகளில் ஸ்கேன் படத்தில்கூட அது தெரியாது. படம் மூளையின் உருவத்தைக் காட்டும். அது வேலை செய்யும் விதத்தைச் சோதித்து அளப்பவர் நரம்பு உளவியலாளர்.

இவர் ஊசி போடுவதில்லை. எதிரே உட்கார வைத்துச் சில மணி நேரம் சோதிப்பார். பதினைந்து சொற்களைச் சொல்லி, அரை மணி கழித்து எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பார். எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை மிருகங்களின் பெயர் வருகிறது என்று எண்ணுவார். சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும். கேட்டது மனத்தில் ஏறவே இல்லையா, ஏறியும் எடுக்க முடியவில்லையா என்பதை இதில்தான் அவர் கண்டுபிடிக்கிறார். ஏறாதவருக்கு ஒரு நேரத்தில் ஒரே வேலையை மெதுவாகச் சொல்ல வேண்டும். எடுக்க முடியாதவருக்குச் சிறிய ஞாபகக் குறிப்பே கைகொடுக்கும்.

பள்ளிக்கூடம் போகாத பாட்டியையும் பட்டதாரியையும் ஒரே கோலால் அளக்கலாமா? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2004இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் எழுதப் படிக்கத் தெரியாதவர், பள்ளி படித்தவர், கல்லூரி படித்தவர் என்று தனித்தனி அளவு வைத்தார்கள். மொழியும் அப்படித்தான். மலாயில் கேட்டால் விழிக்கும் நம் பாட்டி, தமிழில் கேட்டால் ஆடு, மாடு, யானை என்று அடுக்குவார். நம் பிள்ளைகள் சிலர் இத்துறைக்குப் போக வேண்டும் என்று நாம் ஆசைப்படுவது இதனால்தான்.

வழி நீளம். எஸ்.பி.எம்.முக்குப் பின் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன், பிறகு உளவியல் பட்டம், அதன்மேல் மருத்துவ உளவியலில் முதுகலை. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பு உண்டு. மருத்துவமனைப் பயிற்சியும் அதில் அடங்கும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மருத்துவ உளவியலாளரைச் சுகாதாரத் தொழிலராக ஏற்றிருக்கிறது. மூளைக்கென்று தனித் தேர்ச்சி பெற மேலும் சில ஆண்டுகள் ஆகும். அதற்காக ஆஸ்திரேலியா, பிரிட்டன் போகிறவர்களும் உண்டு. கணக்கு வேண்டாம் என்று ஓடிவரும் பிள்ளைக்கு ஒரு சொல்: இங்கும் புள்ளியியல் காத்திருக்கிறது!

நம் பிள்ளை கதைக்கு வருவோம். வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தையும் சொக்சோ கவனிக்கும் என்பதே அவர் வீட்டாருக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுபடி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவர் தாயாரிடம் சொன்னோம்: "அவரைக் கேட்டால் ஒன்றும் இல்லை என்பார், அம்மா. விபத்துக்குப் பின் எது எது மாறியது என்று நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்." அம்மாவுக்கு எழுதத் தெரியாது, அவர் சொல்லச் சொல்லத் தங்கை எழுதினாள். ஒரு தாள் போதவில்லை.