ரயில் விபத்து முதல் கரண்ட் பில் வரை... ‘டெலஸ்கோப்’ இங்கே எப்படி வந்தது?

ரயில் விபத்துச் செய்திகளில் ‘பெட்டிகள் டெலஸ்கோப் ஆகிவிட்டன’ என்று ஒரு வரி வரும். கேரளாவில் கரண்ட் பில் பற்றிப் பேசினால் ‘டெலஸ்கோப்பிக் கட்டணம்’ என்பார்கள். இரண்டுக்கும் தொலைநோக்கிக்கும் என்ன சம்பந்தம்?

‘டெலி’ என்றால் தூரம், ‘ஸ்கோபெய்ன்’ என்றால் பார்ப்பது. கிரேக்கச் சொற்கள். 1611-ல் கலிலியோவுக்கு ரோமில் நடந்த விருந்தையொட்டி இந்தப் பெயர் பிறந்தது. ஆனால், பின்னாளில் வந்த அர்த்தங்கள் பார்ப்பதில் இருந்து வரவில்லை. கப்பல் மாலுமிகள் வைத்திருந்த தொலைநோக்கியில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நழுவி மடங்குமே, அதில் இருந்து வந்தவை. பைக்கின் முன்பக்க ‘டெலஸ்கோப்பிக் ஃபோர்க்’ அப்படியே அந்த டிசைன்தான்.

ரயிலில் இந்த வார்த்தை பயங்கரமானது. மோதும் வேகத்தில் ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குள் புகுந்துவிடும். உள்ளே பயணிகள் உட்கார்ந்திருந்த இடமே இல்லாமல் போகும். மரப்பெட்டிகள் காலத்தில் இது சகஜம். பெட்டிகளை நடுவில் இறுக்கமாகப் பிணைத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தடுப்பதுதான் எல்.எச்.பி பெட்டிகளின் முக்கிய பலம். சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப் தன் பழைய டிசைன் பெட்டிகள் தயாரிப்பை 2018-ல் நிறுத்தியதற்குப் பின்னால் இந்தப் பாதுகாப்புக் கணக்கும் உண்டு. அதற்காக எல்.எச்.பி என்றாலே ஆபத்தில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2023 ஜூன் 2-ல் பாலசோரில் விபத்துக்குள்ளான கோரமண்டல் எக்ஸ்பிரஸும் எல்.எச்.பி-தான்.

சரி, கரண்ட் பில்? சும்மா ஒரு கணக்கு. முதல் 50 யூனிட்டுக்கு 3 ரூபாய், அதற்கு மேல் 4 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 60 யூனிட் ஓடினால், டெலஸ்கோப்பிக் முறையில் 150 + 40 = 190 ரூபாய். ஒவ்வொரு அடுக்குக்கும் அதன் ரேட். ‘நான்-டெலஸ்கோப்பிக்’ என்றால் 60 யூனிட்டுக்குமே 4 ரூபாய், அதாவது 240. கேரளாவில் வீடுகளுக்கு மாதம் 250 யூனிட் வரை முதல் முறை. தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் ஒரே ரேட். அந்த ஒற்றை 251-வது யூனிட் பில்லையே மாற்றிவிடும். ஏ.சி போடும் வீடுகள் மாதக்கடைசியில் மீட்டரைப் பார்ப்பது சும்மா இல்லை!

ரயில் டிக்கெட்டில் இதே வார்த்தை பயணிக்குச் சாதகமானது. தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும். அதனால்தான் ஒரே பயணத்தை இரண்டு டிக்கெட்டாகப் பிரித்து எடுத்தால், பெரும்பாலும் கூடுதலாகச் செலவாகிறது.